காற்றை உலர்த்திய வில்லிஸ் கேரியர்

பினாங்கிலிருந்து புலாவ் பாயாருக்கு முக்குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். நனைந்த முக்குளிப்பு உடை நம் ஊர்க் காற்றில் எளிதில் காய்வதில்லை. வெயிலில் போட்டால் நியோப்ரீன் ரப்பர் கெடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால், கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஓர் உலர்த்தியைச் செய்ய நானும் நண்பர்களும் முனைந்தோம். அந்தத் தேடலில்தான் வில்லிஸ் கேரியரின் வாழ்க்கையைப் படித்தேன். குளிரூட்டியின் தந்தை என்று புகழப்படும் அவர் முதலில் போராடியது வெப்பத்தோடு அல்ல, ஈரத்தோடு.

1876 நவம்பர் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் கேரியர் பிறந்தார். சிறுவயதில் பின்னக் கணக்கு புரியாமல் தவித்த அவருக்கு, தாயார் ஆப்பிள்களை நறுக்கிக் காட்டிக் கற்பித்தாராம். 1901-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பஃபலோ போர்ஜ் நிறுவனத்தில் சேர்ந்தார். பலகைகளையும் காப்பிக்கொட்டைகளையும் உலர்த்தும் கருவிகளை வடிவமைப்பது அவருடைய தொடக்க வேலைகளுள் ஒன்று.

1902-இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் ஒரு சிக்கல். காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கியது; அடுத்தடுத்து அச்சிட்ட வண்ணங்கள் சரியாகப் பொருந்தவில்லை. கேரியர் குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மீது காற்றைச் செலுத்த வழி வகுத்தார். காற்றிலிருந்த ஈரம் நீராகக் குழாயில் படிந்தது. அறையின் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்துவதே அவரது இலக்கு. 1906-இல் காற்றைப் பதப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1911-இல் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் உள்ள தொடர்பைச் சூத்திரங்களாக்கி வெளியிட்டார். பொறியியல் மாணவர்கள் இன்றும் பயன்படுத்தும் ஈரப்பத வரைபடத்துக்கு அதுவே அடிப்படை.

எங்கள் உலர்த்திக்கும் அந்த வரைபடமே வழிகாட்டியது. 30 டிகிரி செல்சியஸில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் ஏறக்குறைய 57 விழுக்காட்டுக்கு இறங்கும். ஆகவே, அதிகச் சூடு வேண்டாம். இளஞ்சூடான காற்றைச் சிறு மின்விசிறியால், துளையிட்ட பிவிசி குழாய் வழியாக உடையின் கைகளுக்கும் கால்களுக்கும் உள்ளே செலுத்தினால் போதும். ஈரக்காற்று வெளியேறவும் வழி வேண்டும்.

கேரியரின் பாதையும் சீராக இருக்கவில்லை. முதல் உலகப்போர் மூண்டதும், அவருடைய பொறியியல் பிரிவை மூட நிறுவனம் முடிவெடுத்தது. அவர் முடங்கிவிடவில்லை. 1915-இல் ஆறு நண்பர்களோடு சேர்ந்து, 32,600 டாலர் முதலில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கைக் குளிரூட்டியபோது பொதுமக்களும் அவர் பணியின் பயனை உணர்ந்தனர். 1950 அக்டோபர் 7-ஆம் தேதி அவர் மறைந்தார்.

மாணவர்களே, தாள் கெட்டபோது கேரியர் தாளை மாற்றச் சொல்லவில்லை. அதைச் சூழ்ந்திருந்த காற்றை ஆராய்ந்தார். சிக்கலின் வேர் எங்கே என்று தேடுவதே பொறியியலின் முதல் பாடம்.