தொழிலைக் கேட்ட வைத்தியர்

இத்தாலி தேசத்தில் மோதேனா பட்டணத்துக்கு அருகே கார்ப்பி என்னும் ஊர் இருக்கிறது. பெர்னர்தினோ ரமத்சினி அங்கே 1633-ம் ஆண்டில் பிறந்தார். பார்மா சர்வகலாசாலையில் கற்று, 1659-ம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் மோதேனாவில் குடியேறி, 1682-ல் அங்கே வைத்திய சாஸ்திர ஆசிரியரானார்.

ஒருநாள் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் மூச்சுவிடவும் நேரமின்றி அவசர அவசரமாக வேலை செய்தான். வைத்தியர் மனமிரங்கி, ஏன் இத்தனை அவசரம், மெதுவாய்ச் செய்யலாகாதா என்று கேட்டார். நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றான் அவன். வெளியே வந்தவனுடைய கண்கள் சிவந்து மங்கியிருந்தன. வீட்டுக்குப் போய் இருட்டறையில் கிடந்து, வெதுவெதுப்பான நீரால் கண்ணைக் கழுவுவதே அவனுக்குத் தெரிந்த மருந்து. அத்தொழில் செய்து கண்ணிழந்த பலர் பட்டணத்தில் பிச்சையெடுப்பதையும் ரமத்சினி கண்டார்.

அன்று முதல் அவர் ஏழைத் தொழிலாளிகளின் பட்டறைகளைத் தேடிப் போனார். அதை அவர் இழிவாக எண்ணவில்லை. ஈயப் பூச்சினால் கை நடுங்கும் குயவரையும், பாதரசத்தால் நலிந்த கண்ணாடித் தொழிலாளரையும், கற்பொடியைச் சுவாசித்து இருமும் கல்தச்சரையும் கண்டார். தோல் பதனிடுவோரின் முகம் வீங்கி வெளுத்திருப்பதையும், அவர்கள் மூச்சுத் திணறுவதையும் குறித்துக்கொண்டார். 40-க்கும் மேற்பட்ட தொழில்களின் வியாதிகளை விவரித்து, 1700-ம் ஆண்டில் லத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அந்நூலின் சாரம். மலக்குழியில் இறங்குவோர் முகத்தை மூடிக்கொள்ள வேண்டுமென்றும் புத்தி சொன்னார். அதே ஆண்டில் பாதுவா சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. முதுமையில் கண்பார்வை மங்கியும் அவர் ஓயவில்லை. 1713-ல் நூலை விரிவாக்கி மறுபடி வெளியிட்டார். 1714 நவம்பர் 5-ம் தேதி, 81 வயது முதியவராய்க் காலமானார்.

எங்கோ வாழ்ந்த இவருடைய சரித்திரம் நமக்கெதற்கு? நம் காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையிறங்கினால் வாணியம்பாடி. அதற்கப்பால் ஆம்பூர், இராணிப்பேட்டை. எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தாலும், தொட்டியின் அடியில் சேறு நாட்பட்டு அழுகினாலும், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு எழும்புகிறது. மலக்குழியில் கண்ணைக் கெடுப்பதும் இதே வாயுதான்.

முதலில் இது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிஞ்சினாலோ மூக்கின் உணர்வை மரக்கச் செய்துவிடும். ஆகையால் நாற்றம் நின்றதென்று நம்பி இறங்குகிறவன் ஒரு நொடியில் மயங்கி விழுவான். அவனைத் தூக்க அண்ணனோ தம்பியோ குதித்தால் அவனும் விழுவான். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் மாண்டுபோவது இவ்வாறே.

வாயு இல்லையெனத் தகுந்தவர் சோதித்து எழுத்தில் தந்தாலன்றி, அல்லது சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு இடுப்புவாரும் இருந்தாலன்றி, இத்தகைய தொட்டியில் எவரும் இறங்கலாகாதென்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. வீட்டு மலக்குழிகளிலும் சாக்கடைகளிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. ஆகவே இறங்க மறுப்பது சோம்பலல்ல, கீழ்ப்படியாமையுமல்ல. எவராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதியாமல், கூவி ஆள் சேர்த்து, 112-க்குச் சொல்லித் தீயணைப்புப் படையை வரவழையுங்கள்.

தாய்மாரே, வேலைக்குப் போய் வரும் கணவரிடமும் பிள்ளைகளிடமும் கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். இன்று என்ன வேலை செய்தாய், எந்தத் தொட்டியருகே நின்றாய், கண் எரிகிறதா என்றும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் கேளாவிட்டாலும் செய்யும் தொழிலை நீங்களே சொல்லுங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நல்ல வைத்தியர் கேட்ட கேள்வி நம் வீட்டில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.