விளக்கு எரிந்தால் போதுமா? – ஜான் ஸ்காட் ஹால்டேன்

நம்ம மாகறல் மாதிரி ஊர்களில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனா, விளக்கு எரிந்தால் ஆபத்தே இல்லைன்னு அர்த்தமா? இல்லை என்று காட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

1860-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தும் கிளினிக் வைத்து உட்காரவில்லை. டண்டீ நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு நடுராத்திரியில் பாட்டிலோடு போய், அவர்கள் தூங்கும் அறைக் காற்றைப் பிடித்து வந்து சோதித்தார்.

1895-ல் லண்டனை அடுத்த ஈஸ்ட் ஹாமில் சாக்கடைக் கிணற்றில் இறங்கியவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். மொத்தம் 5 பேர் சாவு. காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்றார் ஹால்டேன். நம்ம ஊர் செப்டிக் டேங்க் செய்தி மாதிரியே இல்லை? 2013-ல் தடைச் சட்டம் வந்த பிறகும் அந்தச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் மாண்டார்கள். ஹால்டேன் நேரில் போய் உடல்களைச் சோதித்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, அதற்குப்பின் பரவிய கார்பன் மோனாக்சைடு! நிறமில்லை, மணமில்லை. ரத்தத்து ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு அதுபாட்டுக்கு எரியும்.

அந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் ரத்தத்தில் பாதிக்கு மேல் ஏறும்வரை குறிப்பெழுதினார் மனுஷர். சின்ன உயிருக்கு மூச்சு வேகம், ஆகவே மனிதனுக்கு முன்னாலேயே சுருண்டுவிடும் என்று கண்டார். அதனால்தான் கேனரிப் பறவையைக் கூண்டில் எடுத்துப்போகச் சொன்னார். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அது இருந்தது. நாளை ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நம் இடுப்பில் தொங்கப்போகும் கேஸ் டிடெக்டர் செய்வதும் அந்தப் பறவையின் வேலையைத்தான்.

மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனையும் விடவில்லை. (இவர்தான் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமான விஞ்ஞானி.) சிறுவனாக இருந்தபோது சுரங்கத்துக்குள் நிற்கவைத்து ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பாதியில் மூச்சு வாங்கி விழுந்தான் பையன். தரையில் விழுந்ததும் தெளிந்துவிட்டது! மீத்தேன் லேசு, கூரைப்பக்கம் நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனம், அடியில் தங்கும். டிடெக்டரை ஒரே உயரத்தில் பிடித்துப் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். நம்ம அப்பாக்கள் இப்படிப் பாடம் நடத்தாதவரை நல்லது!

கடைசிவரை அவர் ஓயவில்லை. பாரசீக எண்ணெய் ஆலைத் தொழிலாளிகள் வெப்பத்தில் ஏன் சுருண்டு விழுகிறார்கள் என்று பார்க்க, எழுபத்தைந்து வயதில் புறப்பட்டுப் போனார். திரும்பி வந்த கொஞ்ச நாளில், 1936 மார்ச்சில், ஆக்ஸ்போர்டு வீட்டில் காலமானார்.