வீட்டு விருந்தில் வெட்டுப்பட்ட கை: யார் இந்த பெண்ணாடம் கலிக்கம்பர்?

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கத்துல இருக்கிற ஊர் பெண்ணாடம். இங்குள்ள பிரளயகாலேஸ்வரர் கோயில் கருவறை, படுத்திருக்கும் யானையின் பின்புறம் மாதிரி வளைந்திருக்கும். தூங்கானை மாடம்னு பேர். 63 நாயன்மார்களில் ஒருவரான கலிக்கம்பர் வழிபட்ட கோயில் இதுதான்.

என்ன தொண்டு செய்தார்?
வணிகர் குலத்தில் பிறந்த கலிக்கம்பர், வீடு தேடி வரும் சிவனடியார்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டார். மனைவி தண்ணீர் ஊற்ற, வந்தவர்களின் காலை இவர் கழுவுவார். பிறகு சோறு, கறி, நெய், தயிர், பால், பழம்னு விருந்து நடக்கும்.

அன்று என்ன நடந்தது?
ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவர், முன்பு அதே வீட்டில் வேலைக்காரராக இருந்தவர். அடையாளம் தெரிந்ததும் மனைவி தண்ணீர் ஊற்றத் தயங்கினார். கலிக்கம்பர் வாளை எடுத்து அவர் கையை வெட்டிவிட்டார். கரகத்தைத் தானே வாங்கி, அந்த அடியாரின் காலைக் கழுவி, விருந்தும் படைத்தார்.

இன்று எப்படிப் பார்ப்பது?
12-ம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், இதை அசையாத பக்தியாகக் காட்டுகிறார். நேற்றைய வேலைக்காரர் காலை முதலாளியே கழுவுவது அந்தக் காலத்துல பெரிய விஷயம்தான். ஆனா அதுக்கு விலை கொடுத்தது, விருந்துக்கு எல்லாம் தயார் பண்ணின பெண்ணின் கை. இறைவன் அருளால் கை திரும்பக் கிடைத்தது என்கிறது தல வரலாறு.

தை மாதம் ரேவதி நட்சத்திரத்தில் கலிக்கம்பருக்கு குருபூஜை நடக்கிறது. அந்த மனைவியின் பெயரைப் பெரியபுராணம் சொல்லவே இல்லை.