மண்ணைப் படிக்க வைத்த ஆசான்



படிக்கிற பிள்ளைக்கு மண்வெட்டி எதுக்கு என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை அறிந்துகொள்ள வேண்டும்.

1860களில், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். கறுப்பினத்தவர் என்பதால் ஒரு கல்லூரி அவரைத் திருப்பி அனுப்பியது. அவர் சோர்ந்துவிடவில்லை. துணி வெளுத்துப் பிழைத்துக்கொண்டே படித்தார். 1896ஆம் ஆண்டில் அயோவாவில் விவசாயத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, அதே ஆண்டு அலபாமாவிலுள்ள டஸ்கீகிக்கு ஆசிரியராக வந்தார்.

அங்கே ஆய்வுக்கூடமே கிடையாது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், குப்பையில் கிடந்த போத்தல்களையும் சட்டிகளையும் பொறுக்கிவந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். பருத்தியே போட்டுப் போட்டுச் சத்துப்போன நிலத்தில் தட்டைப்பயறும் கச்சானும் விளைவித்துக் காட்டினார். இவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றும். நம் தோட்டங்களில் ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே பயற்றங்கொடி படர விடுவதும் இதற்காகத்தானே!

1906ஆம் ஆண்டில், கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டி ஒன்று அவர் திட்டப்படி கிராமங்களுக்குப் புறப்பட்டது. பள்ளிக்கு வர முடியாத ஏழை விவசாயியைத் தேடிப் பள்ளியே போனது!

1943ஆம் ஆண்டில் கார்வர் மறைந்தார்.

பெற்றோர்களே, வீட்டுப் பின்புறத்தில் ஒரு பாத்தியைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். விதைத்ததும் முளைத்ததும் அவர்களே எழுதி வைக்கட்டும். அந்தப் பாத்தியும் ஒரு பாடப்புத்தகம்தான்.