காஞ்சித் தறிக்கு மேலே ஒரு பிரெஞ்சுக்காரர்!

குட்டீஸ், காஞ்சிபுரம் போயிருக்கிறீர்களா? ஏகாம்பரநாதர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது பிள்ளையார்பாளையம் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். தறிச் சத்தம் கேட்கும் வீடாகப் பார்த்து, நெசவாளர் தாத்தாவிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள்.

தறியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கீழேதான் பார்ப்பார்கள். பளபளக்கும் பட்டு, மின்னும் சரிகை, இங்கும் அங்கும் ஓடும் நாடா என்று கண் அங்கேயே நின்றுவிடும். நீங்கள் மேலே பாருங்கள். தறிக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஓட்டை ஓட்டையாகப் போட்ட அட்டைகள், ஒன்றோடு ஒன்று கோத்து, மாலை போலத் தொங்கும். தாத்தா காலால் மிதியை மிதிக்கும்போது, 'டக்' என்று ஓர் அட்டை நகரும்.

அந்தப் பெட்டிக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். 'ஜக்கார்டு' என்பார். அது ஒரு மனிதரின் பெயர்! காஞ்சிக்கு ஒரு நாளும் வராத பிரெஞ்சுக்காரர் அவர். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவரை எள்ளுத்தாத்தா முறை என்றுகூடச் சொல்லலாம். எப்படி என்று பார்ப்போமா?

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். நமக்குக் காஞ்சி எப்படியோ அவர்களுக்கு லியோன் அப்படி, பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே 1752ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி ஜோசப் மேரி ஜக்கார்டு பிறந்தார். அப்பா தறி வைத்திருந்த நெசவாளர். குடும்பத்தின் உண்மையான பெயர் சார்ல்ஸ். ஊரில் நிறைய சார்ல்ஸ்கள் இருந்ததால், அடையாளத்துக்காக இவர்கள் குடும்பத்தை ஜக்கார்டு என்று கூப்பிட்டார்கள். நம் ஊரில் பட்டப் பெயரே வீட்டுப் பெயராக ஒட்டிக்கொள்வதில்லையா, அது போலத்தான். உண்மைப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பட்டப் பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது!

சிறுவன் ஜோசப் பள்ளிக்கூடமே போகவில்லை. பதிமூன்று வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. அச்சகமும் புத்தக வியாபாரமும் நடத்திய அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான் பிறகு படிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் அப்போது லியோனில் என்ன செய்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ள, துணியில் பூ எப்படி வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல்களுக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடும் நூல் ஊடை. வெறும் துணிக்கு, பாவில் ஒன்று விட்டு ஒன்றாக நூல்களைத் தூக்கி, நடுவே ஊடையை ஓட்டினால் போதும். ஆனால் ஒரு மயில் வேண்டுமென்றால்? கொண்டைக்குச் சில நூல்கள், கழுத்துக்குச் சில நூல்கள், தோகைக்கு நிறைய நூல்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு நூல்களைத் தூக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நூல்களில் எதைத் தூக்குவது, எதை விடுவது?

இதற்காக லியோன் தறிகளில் ஒரு சிறுவனையோ சிறுமியையோ வைத்திருந்தார்கள். கயிறுகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்திருப்பார்கள். நெசவாளர் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை சரியான கொத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். பாரமான கயிறுகள். காலையில் உட்கார்ந்தால் ராத்திரி வரை அதே வேலை. ஒரு கயிறு மாறினாலும் பூ கோணலாகிவிடும், திட்டு விழும். இவ்வளவு பாடுபட்டும், வேலைப்பாடு அதிகமான துணியாக இருந்தால் ஒரு நாளைக்குச் சில அங்குலம்தான் நெய்ய முடியும். ஜோசப்பும் சின்ன வயதில் இந்த வேலை செய்ததாகச் சொல்வார்கள்.

காஞ்சியிலும் இதைப் போல ஒரு வழக்கம் இருந்தது. 'அடை' என்று அதற்குப் பெயர். உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து நூல் கொத்துகளை இழுத்துக்கொடுப்பார்.

ஜோசப்புக்கு இருபது வயதாகும்போது அப்பா இறந்துபோனார். வீடும் தறியும் கைக்கு வந்தன. ஆனால் பணத்தைக் கையாளத் தெரியவில்லை. 1778ல் திருமணம், அடுத்த ஆண்டு ஒரு மகன், கூடவே மளமளவென்று கடன்! சொத்தெல்லாம் போயிற்று. கிடைத்த வேலையைச் செய்து காலத்தை ஓட்டினார். அதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793ல் அரசுப் படை லியோனை முற்றுகையிட்டபோது, அப்பாவும் பதின்மூன்று பதினான்கு வயது மகனும் சேர்ந்தே ஊரைக் காக்கப் போரிட்டார்கள். ஊர் வீழ்ந்தது. இருவரும் தப்பி ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு படையில் சேர்ந்தார்கள். பின்னால் நடந்த ஒரு சண்டையில் மகன் இறந்துவிட்டான். ஒரே பிள்ளை.

தன்னந்தனியாக ஊர் திரும்பிய ஜக்கார்டுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் என்ன சாதிக்கப்போகிறார் என்று யாரும் நினைத்திருப்பார்கள். அவருடைய பெரிய வேலையே இனிமேல்தான் தொடங்கியது!

கயிறு இழுக்கும் பிள்ளைக்குப் பதிலாக ஓர் எந்திரம் செய்ய வேண்டும் என்று முயன்றார். 1801ல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய தறிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன் வலை பின்னும் எந்திரம் ஒன்றையும் செய்தார். அரசாங்கம் அவரைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டது.

அங்கேதான் அதிர்ஷ்டம் அடித்தது. எந்திரங்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு கூடத்தில் பழைய தறி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதைச் செய்தவர் வோகான்சோன். தானியம் கொத்தும் எந்திர வாத்து செய்து ஐரோப்பாவையே வாய் பிளக்க வைத்தவர்! அவருக்கும் முன்பே, 1725ல் பூஷோன் என்பவர் ஓட்டை போட்ட காகிதச் சுருளைத் தறியில் வைத்துப் பார்த்திருந்தார். பிறகு ஃபால்கோன் என்பவர் சுருளுக்குப் பதில் அட்டைகளைக் கொண்டு வந்தார். யாருடைய எந்திரமும் ஒழுங்காக வேலைக்கு ஆகவில்லை. ஜக்கார்டு இவர்கள் எல்லோருடைய யோசனைகளையும் சேர்த்து, 1804, 1805 வாக்கில் ஓடக்கூடிய ஒரு பெட்டியைச் செய்தார். எல்லாம் அவர் மூளையில் உதித்தது என்று சில புத்தகங்களில் எழுதியிருப்பார்கள், நம்பாதீர்கள். அவர் செய்த பெட்டியைக்கூடப் பின்னால் இன்னொருவர் திருத்த வேண்டியிருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? பெட்டிக்குள் வரிசையாக ஊசிகள். ஒவ்வோர் ஊசியோடும் ஒரு கொக்கி. கொக்கியில் பாவு நூல்கள். ஓர் அட்டை வந்து ஊசிகள்மேல் அழுத்தும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும், அதன் கொக்கி இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே போகும் கம்பி அதைத் தூக்கிவிடும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகிவிடும், நூல் கீழேயே கிடக்கும். அவ்வளவுதான்! ஓர் அட்டை ஒரு வரி. அடுத்த வரிக்கு அடுத்த அட்டை. கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை தானே வந்து நிற்கும். அதனால்தான் புடவைக் கரையில் ஒரே மயில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

இதில் முக்கியமான சங்கதி ஒன்றைக் கவனித்தீர்களா? தறி மாறவில்லை. அட்டையை மாற்றினால் மயிலுக்குப் பதில் யாளி வரும், மறுபடி மாற்றினால் மாங்காய் வரும். எந்திரம் வேறு, அதற்குச் சொல்லும் கட்டளை வேறு என்று பிரித்துவிட்டார்கள். இன்று நாம் சாப்ட்வேர் என்கிறோமே, அது இந்த அட்டை மாலையின் வாரிசுதான். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற இரண்டே விஷயம். கம்ப்யூட்டரில் அதுவே 1, 0.

1805ல் நெப்போலியன் லியோனுக்கு வந்தபோது இந்தத் தறியைப் பார்த்தார். கண்டுபிடிப்பு ஊருக்கே பொது என்று ஆணை போட்டார். ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3000 பிராங்க் ஓய்வூதியம், அதோடு புதிதாக ஓடும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க் என்று ஆறு ஆண்டுகளுக்கு ஏற்பாடு. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பதால் பெட்டி வேகமாகப் பரவியது. 1812ல் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள்!

எல்லோரும் கொண்டாடினார்களா? இல்லை. லியோன் நெசவாளர்கள் கொதித்தார்கள். அவருடைய தறியை நடுத்தெருவில் போட்டு உடைத்து எரித்தார்கள் என்றும், அவர் உயிருக்கே ஆபத்து வந்தது என்றும் சொல்கிறார்கள். பிழைப்புக்கு உலை வைக்க வந்தவன் என்று கோபம். அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு இழுத்த பிள்ளையின் கூலியும் சேர்ந்துதான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. எந்திரம் வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டது நியாயமான கேள்விதான். 1831லும் 1834லும் லியோன் நெசவாளர்கள் பெரிய கிளர்ச்சிகள் செய்தார்கள். 1831ல் அவர்கள் கேட்டது தறியை எடு என்று அல்ல, கூலியை ஒழுங்காகக் கொடு என்றுதான்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். கயிறு இழுக்கும் கொடுமையைப் பெட்டி ஒழித்தது, உண்மை. ஆனால் குழந்தைகளைத் தறியிலிருந்து முழுவதுமாக இறக்கிவிட்டதா? காஞ்சியில் ஜக்கார்டு வந்த பிறகும், உடலையும் கரையையும் கோத்து நெய்யும் 'கோர்வை' வேலைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 1990களில்கூட ஏராளமான சிறுவர் சிறுமியர், உங்கள் வயதுக்காரர்கள், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப எந்த எந்திரமும் வரவில்லை. சட்டமும், ஊர் ஊராக அலைந்த தொண்டர்களும், ஆசிரியர்களும், மனம் மாறிய பெற்றோரும்தான் அதைச் செய்தார்கள்.

ஜக்கார்டுக்கு 1819ல் பிரான்சின் உயர்ந்த விருது கிடைத்தது. லியோனுக்குப் பக்கத்தில் உலான் என்ற ஊரில் அமைதியாக வாழ்ந்து, 1834 ஆகஸ்ட் 7ஆம் தேதி, 82 வயதில் கண்மூடினார். ஒரு காலத்தில் அவரை விரட்டிய லியோன் நகரம் 1840ல் அவருக்குச் சிலை வைத்தது.

அவர் மறைந்த பிறகுதான் அட்டைகளின் பெரிய பயணம் தொடங்கியது. 1839ல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள்! பார்த்தவர்கள் அச்சிட்ட படம் என்றே நினைத்தார்கள். அந்தப் படம் ஒன்றை லண்டனில் தன் வீட்டில் வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். கணக்குப் போடும் பெரிய எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டு, அதற்கு இதே ஓட்டை அட்டைகளால் கட்டளை கொடுக்க நினைத்தார். அவருடைய தோழி அடா லவ்லேஸ், தறி பூக்களை நெய்வது போல இந்த எந்திரம் கணக்கை நெய்யும் என்று 1843லேயே விளக்கினார். பாபேஜால் அதைக் கட்டி முடிக்க முடியவில்லை. 1890ல் அமெரிக்காவில் ஹாலரித் என்பவர் ஓட்டை அட்டைகளைக் கொண்டு மக்கள்தொகையை எண்ணிக் காட்டினார். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து, 1924ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. 1970களில் நம் நாட்டில் கம்ப்யூட்டர் படித்த தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், கட்டுக் கட்டாக அட்டைகளைச் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போன கதையைச் சொல்வார். கட்டு கை தவறி விழுந்து வரிசை கலைந்தால் அழுகையே வந்துவிடும்!

காஞ்சியில் முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அட்டையே இல்லாமல், கம்ப்யூட்டர் கோப்பைப் படித்து நூல்களைத் தூக்கும் மின்னணு ஜக்கார்டும் வந்துவிட்டது.

வசதி வந்தால் வம்பும் வரும் அல்லவா? அட்டைக் கட்டைப் பார்த்து அதே போல இன்னொரு கட்டு அடித்துவிட்டால், அதே மயிலை இன்னொருவரும் நெய்துவிடலாம். கோப்பாக இருந்தால் இன்னும் சுலபம், ஒரு நொடியில் காப்பி! தறியைத் திருடினால் இடம் காலியாக இருக்கும், உடனே தெரியும். டிசைனைத் திருடினால் அது இருந்த இடத்திலேயே இருக்கும், பறிபோனதே தெரியாது. கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு, பூட்டு, காவல் என்று இவ்வளவு பாடுபடுவது இதனால்தான். காஞ்சிப் பட்டின் பெயரையே வேறு யாரும் போட்டு விற்காமல் இருக்க, 2005ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குட்டீஸ், அடுத்த கல்யாணத்துக்குப் பாட்டி காஞ்சிப் பட்டு உடுத்தி வந்தால், கேட்டுக்கொண்டு முந்தானையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சரிகை எந்த நூலுக்கு மேலே போயிருக்கிறது, எந்த நூலுக்குக் கீழே போயிருக்கிறது என்று தெரியும். அது அட்டை சொன்ன வேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தையும் தடவிப் பாருங்கள். அங்கே இரண்டு நிற நூல்கள் ஒன்றையொன்று கோத்துப் பிடித்திருந்தால், அதுதான் கோர்வை. அது இரண்டு பேர் கை சேர்ந்து செய்த வேலை.