டிரில் மாஸ்டர் காலத்தை மாற்றியவர் – ஹாரி குரோ பக்

பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போன அனுபவம் நம்மில் எல்லோருக்கும் உண்டு. அந்த பீரியடு ஒன்று நமக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு யாருக்கு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. புத்தகக் கண்காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போனவர்கள்கூட அங்கே நின்று அவரை நினைத்திருக்க மாட்டார்கள்.

ஹாரி குரோ பக் 1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்தார். 1891-ல் நெய்ஸ்மித் என்பவர் பாஸ்கெட்பால் விளையாட்டைக் கண்டுபிடித்த அதே பள்ளிதான்! அங்கே ஆசிரியராக இருந்த லூதர் குலிக் கொடுத்த சின்னம்தான் ஒய்.எம்.சி.ஏ.வின் தலைகீழ் முக்கோணம். உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பது அதன் பொருள். உடம்பை விட்டால் மனசும் சரியும் என்ற இந்த எண்ணத்தோடுதான் பக் 1919-ல் சென்னையில் வந்து இறங்கினார்.

அப்போது நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில்தான். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் கம்பும் கையுமாக நின்று லெஃப்ட், ரைட் போட வைப்பார்கள். பையன் முகத்தில் சிரிப்பு வந்தால் அடி விழும். இதை மாற்ற வேண்டுமானால் முதலில் ஆசிரியரை மாற்ற வேண்டும் என்று புரிந்துகொண்டு, 1920-ல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் பக். அதுவே பிறகு அடையாற்றங்கரையில் இன்றைய நந்தனத்துக்கு இடம் மாறி, பெரிய கல்லூரியாக வளர்ந்தது. விளையாட்டு விதிகளைத் தொகுத்து ஒரு புத்தகமும் எழுதினார்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப் போனவரும் இவரே. பதக்கம் ஒன்றும் வரவில்லை. வேறொருவராக இருந்தால் பதக்கம் வாங்கித் தரும் நாலு பேரைத் தேடி ஓடியிருப்பார். பக் திரும்பி வந்து சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார்களைத் தயார் செய்தார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் இதுதான்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம்மில் சிலர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். கழி ஊன்றிப் படகு தள்ளுகிற பிள்ளைக்கு எதற்குத் தனியாக எக்சர்சைஸ் என்று அப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாடு முறை வைத்து வலை போடப் போகும்போது, முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறதே, இன்னைக்கு மீன் படுமா என்கிற கவலையும் படகிலேயே ஏறிக்கொள்கிறது. சாயந்திரம் மணலில் வாலிபாலோ சடுகுடுவோ ஆடும்போது அந்தக் கவலை இல்லை. தோற்றாலும் அடுப்பு எரியும்!

டிப்ளமோ சேர்ந்த பிறகோ படகும் போச்சு, ஆட்டமும் போச்சு. டிராயிங் போர்டு, ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு, மிச்ச நேரம் செல்போன். ரெண்டு அரியர் விழுந்துவிட்டால் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்துவிடுகிற பையன் நம்ம கிளாசிலும் இருக்கிறான், இல்லையா? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வேர்க்க இயங்க வேண்டும், அதனால் மனச்சோர்வும் பதற்றமும் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அதற்கு மேல் வயசானவர்களுக்கு வாரம் 150 நிமிடத்திலிருந்து 300 நிமிடம் வரை. மனசு ரொம்பவே இருண்டு போனவனுக்கு டாக்டரும் வேண்டும். பந்து மட்டும் போதாது. ஆனாலும் அவனைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்து வர டாக்டரால் முடியாது. நம்மால்தான் முடியும்.

பக் ஊர் திரும்பவில்லை. 1943-ல் சென்னையிலேயே காலமானார். அவர் தொடங்கிய கல்லூரியில் இன்றைக்கும் விளையாட்டு ஆசிரியர்கள் உருவாகி வெளியே வருகிறார்கள்.