காற்றை வசப்படுத்திய பிராண்டில்

ஜெர்மனியில் பிரைசிங் என்ற ஊரில் 1875-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி பிறந்தவர் லுட்விக் பிராண்டில். தந்தை பேராசிரியர். தாயார் நோயாளி. எனவே தந்தையின் நிழலிலேயே வளர்ந்தார்.

மூனிச் நகரில் படித்து 1900-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு நூரம்பர்க்கில் எந்திரத் தொழிற்சாலையில் வேலை. பட்டறையில் விழும் சீவல்களை உறிஞ்சும் கருவியைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. சீர்ப்படுத்தினார். ஆனால், விரிந்து செல்லும் குழாயில் காற்று சுவரை விட்டு விலகி ஓடியது. ஏன்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1904-ல் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் விடை சொன்னார். அப்போது வயது 29. காற்றானாலும் நீரானாலும், பொருளைத் தொட்டு ஓடும் மெல்லிய படலம் உராய்வால் வேகம் இழக்கிறது. பிறகு பிரிந்து சுழல்களை உண்டாக்குகிறது என்று விளக்கினார். தண்ணீர்த் தொட்டியில் உருளை ஒன்றை வைத்து, அதில் இருந்த சிறு பிளவு வழியே படலத்தை உறிஞ்சினார். நீர் பிரியாமல் ஒட்டி ஓடியது!

பின்னர் கோட்டிங்கனில் பேராசிரியரானார். சீரான ஓட்டத்தில் எழும் சிற்றலைகள் பெருகித்தான் கொந்தளிப்பு பிறக்கிறது என்பதை அவருடைய மாணவர்கள் டோல்மியன், ஷிலிக்டிங் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

1953-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பிராண்டில் காலமானார். பத்து ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் எக்ஸ்-21 சோதனை விமானம், இறக்கையில் இருந்த பிளவுகளால் படலத்தை உறிஞ்சி, கொந்தளிப்பைத் தள்ளிப்போட்டுப் பறந்தது. கொந்தளிப்பு தள்ளிப்போனால் எரிபொருள் மிச்சம். இத்தனைக்கும் மூலம், பட்டறைக் குழாய் எழுப்பிய ஒரு கேள்விதான்.